மூன்று வரை எண்ணுகிறவர்

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவர்தான் எனக்குச் சொன்னார். அவருக்குச் சொன்னது அவர் மனைவி. மனைவிக்குச் சொன்னது இருமல் மருந்து வாங்க வந்த ஏதோ ஒரு அம்மாள். நீச்சல் குளத்துக்குப் பின்னால் நாய்களுக்கு வகுப்பு எடுக்கிறாரே ஓர் அக்கா, அவருடைய சொந்த நாய் ஆறு வருஷமாக இன்னொரு நாயின் முகத்தில் விழித்ததில்லையாம். ஓர் ஆளின் விரலையே தின்றுவிட்டதாம்.

“ஊர்ல இருக்கிற நாய்க்கெல்லாம் மரியாதை சொல்லித் தர்றாங்க, வீட்ல இருக்கிறத மட்டும் ஒளிச்சு வெச்சிருக்காங்க,” என்று சொல்லிவிட்டு, என் நாய்க்கான பூச்சி மாத்திரையை உறையில் போட்டுக் கொடுத்தார்.

அதற்கு முந்தின நாள்தான் நான் அந்த வகுப்பில் பெயர் கொடுத்திருந்தேன். கொடுத்த பெயரை எடுத்துவிடலாமா என்று மாடிப்படி ஏறும்போதே யோசித்தேன். அவர் சொன்னதில் பாதி பொய் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். மீதிப் பாதிக்காக அந்த அக்கா தன் தம்பியிடம் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டியிருந்தது. ஆறு வருஷமாக அதைச் சொல்லாமலே ஓட்டிக்கொண்டிருந்தார்.

நான் வகுப்பில் சேர்ந்த காரணம் எளிது. பொட்டலம் என்ற என் நாய், தெருவில் இன்னொரு நாயைப் பார்த்த மாத்திரத்தில் என்னை இழுத்துக்கொண்டு ஓடும். சண்டைக்கு அல்ல, பாசத்துக்குத்தான். ஆனால் எதிரே வருகிறவருக்கு அது எப்படித் தெரியும்? பிழைப்புக்காக வந்து குடியேறிய ஊர். யாரையும் தெரியாது. எந்த அலுவலகத்தில் எந்தத் தாளைக் கேட்பார்களோ என்று பழைய ரசீதைக்கூடக் கிழித்துப் போடாமல் வைத்திருக்கிறவன் நான். நாய் இழுத்த இழுப்பில் யாரோ ஒருவர் காலடியில் போய் நின்று, எனக்குத் தெரிந்த இரண்டு மொழியிலும் மாற்றி மாற்றி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வகுப்பு வாரத்தில் இரண்டு நாள், மாலை நாலு மணிக்கு. இடம், குளத்துக்குப் பின்னாலிருந்த கார் நிறுத்துமிடம். எப்போதும் லேசாகக் குளோரின் வாடை அடிக்கும். கார்களுக்காகப் போட்டிருந்த வெள்ளைக் கோடுகளில் இரண்டு கார் இடைவெளிக்கு ஒருவராக அக்கா எங்களை நிறுத்தி வைப்பார். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பது அவர் வேலை. காலை ஆறு மணிக்குத் தொடங்கும் வேலையை முடித்துவிட்டு, அதே ரப்பர் அடி போட்ட வெள்ளைச் செருப்போடு நேராக இங்கே வந்துவிடுவார். ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்த வயது. குட்டையான உருவம். எல்லாரும் அவரை மூணு அக்கா என்றார்கள். அவர் எங்களை நாயின் பெயரை வைத்துத்தான் கூப்பிடுவார். நான் பொட்டலம் அப்பா. கன்றுக்குட்டி அளவு நாய்க்குக் குட்டி என்று பெயர் வைத்திருந்த பஸ் டிரைவர், குட்டி அப்பா.

முதல் நாள் அவர் என் நாயைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பார்த்தார். கயிற்றை உள்ளங்கையில் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தேன்.

“பொட்டலம் அப்பா, கைய விரிங்க.”

விரித்தேன். உள்ளங்கையில் சிவப்பாக மூன்று வரி விழுந்திருந்தது.

“ரத்தம் குடுக்க வர்றவங்க எல்லாரும் மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்குவாங்க,” என்றார். “கை மட்டும் என்னையே பார்த்துட்டு இருக்கும். உங்களுக்கு பயம்னு வாய் திறந்து சொல்ல வேணாம். கயிறு சொல்லிடும். அந்த முனையில இருக்கிறது அதை நம்பிடும்.”

அவர் சொல்லிக் கொடுத்ததில் வித்தை எதுவும் இருக்கவில்லை. எதிரே நாய் வருகிறதென்றால் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளியே நின்று, சந்திக்கலாமா என்று அந்த வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் போய்விட வேண்டும். சரி என்றால் நேருக்கு நேர் போகாமல், தெருவில் பள்ளத்தைச் சுற்றிப் போவதுபோல வளைந்து போக வேண்டும். நாய்களுக்கு நேராக முகத்தில் முட்டுவது வம்புக்கு இழுக்கிற வழி. பக்கவாட்டில் வந்து பின்பக்கம் மோந்து பார்ப்பதுதான் அவற்றின் ‘சௌக்கியமா’. வால் ஆடுகிறதே என்று ஏமாறக் கூடாது. விறைத்து நின்று ஆடினால் அது வேறு சங்கதி. அந்த நேரம் முழுக்கக் கயிறு, துணி காயப்போட்ட கொடி மாதிரி நடுவில் தொய்ந்திருக்க வேண்டும். மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு, நல்லபடியாக இருக்கும்போதே ‘போதும், வா’ என்று கூப்பிட்டுக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும்.

“ஒண்ணுல பார்க்கும், ரெண்டுல மோந்து பார்க்கும், மூணுல முடிவு பண்ணும். நாலாவதுலதான் வம்பு பிறக்குது. அதுக்கு முன்னாடி கிளம்பிடணும்.”

“இத எங்க பஸ்ல ஏறுறவங்களுக்கும் சொல்லிக் குடுங்கக்கா,” என்றார் டிரைவர். “படியில நின்னு போயிட்டு வரேன் போயிட்டு வரேன்னு சொல்லியே பாதி நாள் போயிடுது.”

அக்கா சிரித்தார். சிரித்த சூட்டோடு டிரைவர், உங்க நாய் எங்கே, ஒரு நாள் கூட்டி வாங்களேன் என்று கேட்டுவிட்டார். அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இருக்கான், வீட்ல,” என்று சொல்லி, குட்டியை இன்னும் ஒரு கோடு தள்ளி நிறுத்தச் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

மூன்று மாதத்தில் பொட்டலம் தேறிவிட்டது. பொட்டலத்தைவிட நான் தேறினேன் என்பது அக்காவின் அபிப்பிராயம். எதிரே நாயைக் கண்டதும் அது என்னை ஒரு தடவை திரும்பிப் பார்க்கும். போகலாமா என்கிற பார்வை. எல்லா நாயையும் சந்தித்தே தீர வேண்டுமென்பதில்லை, பார்த்துவிட்டுத் தாண்டிப் போவதும் மரியாதைதான் என்று அவர் சொன்னதை நான் மனிதர்கள் விஷயத்திலும் எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

அந்தச் சமயத்தில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் எழுதிக் கொடுத்து, ரத்தம் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். திரைச்சீலை போட்ட சின்ன அறை. நாற்காலியின் கையில் வழவழப்பான உறை. மேஜையில் ஊதா, சிவப்பு, மஞ்சள் மூடி போட்ட குழாய்கள். உள்ளே அக்கா. மேல்கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தடவிக்கொண்டே, பொட்டலம் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். பிறகு குரலை மாற்றாமல், “வியாழக்கிழமை வகுப்பு கிடையாது. நீங்க மட்டும் அவனைக் கூட்டிட்டு வர முடியுமா? நான் கரியைக் கொண்டு வரேன்,” என்றார்.

கரி என்பது அவருடைய நாய் என்று விளங்க எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. மருந்துக்கடையில் கேட்டதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

“விரலைத் தளர்த்துங்க,” என்றார். ஊசி ஏற்கெனவே உள்ளே இருந்தது.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, விரல் போனது நிஜமா என்று கேட்டுவிட்டேன். அவர் குழாய் நிறைவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போகல. வளையாது. என் தம்பியோடது.”

ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தச் சொன்னார். எனக்கு அடுத்து யாரும் காத்திருக்கவில்லை. நான் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்த நேரத்தில், குழாய்களின் மேல் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டே அவர் சொல்லி முடித்தார்.

கரியும் சாம்பலும் ஒரே வயிற்றில் பிறந்தவை. கறுப்பை அக்கா எடுத்துக்கொண்டார், சாம்பல் நிறத்தைத் தம்பி. தம்பிக்குப் பல் செட் செய்யும் பட்டறையில் வேலை. மெழுகில் ஒவ்வொரு பல்லாகச் செதுக்குவார். ஒருவர் சிரிக்கிற புகைப்படத்தைப் பார்த்து, அவருக்குப் போன பல்லை அப்படியே கொண்டுவருகிற கை என்று பட்டறையில் பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவும் தம்பியும் நாய்களோடு எதிரெதிர்த் திசையிலிருந்து நடந்து வந்து ஒரு தெருமுனையில் சந்திப்பது வழக்கம்.

ஆறு வருஷத்துக்கு முன் அப்படியொரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவ்வளவுதான். நாய்கள் ஒன்றையொன்று மோந்துகொண்டிருந்தன. அக்கா பயந்துபோய்க் கயிற்றைச் சுண்டி இழுத்தார். கரியின் கழுத்து நிமிர்ந்து, முன்கால் இரண்டும் தரையை விட்டு எழும்பின. அடுத்த நொடி இரண்டும் கட்டிப் புரண்டன. தம்பி நடுவில் கையை விட்டார்.

ஆஸ்பத்திரியில், இதே ஆஸ்பத்திரியில்தான், படிவத்தில் ஒரு கேள்வி. கடித்தது யாருடைய நாய்? தம்பி வலியில் அரை மயக்கத்திலிருந்தார். பதில் சொன்னது அக்கா. ‘அவனோடதுதான்.’ சாட்சிக் கையெழுத்தும் அவரே போட்டார். அவர் குடியிருந்த கட்டடத்தில் ஒரு விதி உண்டு. யாரையாவது கடித்த நாயை மறுநாளே வெளியேற்றிவிட வேண்டும். தம்பிக்கோ தனி வீடு. தன் நாய் தன்னையே கடித்தால் யார் புகார் கொடுக்கப் போகிறார்கள், காகிதம் அலமாரியில் தூங்கும் என்று அவர் கணக்குப் போட்டார். வருஷக்கணக்காக அந்தப் படிவங்களைப் பார்த்தவர் என்பதால் வந்த நினைப்பு. வெளி ஆளாக இருந்தால் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

காகிதம் தூங்கவில்லை. மூன்றே வாரத்தில் நகர அலுவலகத்திலிருந்து தம்பிக்குக் கடிதம் வந்தது. சாம்பல் இனி வாசலைத் தாண்டினால் வாய்க்கூடு போட்டிருக்க வேண்டும், ஆயுசுக்கும்.

தம்பி கட்டுப்போட்ட கையோடு அக்காவின் வீட்டுக்கு வந்து, மாற்றி எழுதிக் கொடு என்று மட்டும் கேட்டிருக்கிறார். ரெண்டும் புரண்டுச்சு, யாரு பல்லுன்னு யாருக்குத் தெரியும் என்று அக்கா மழுப்பியிருக்கிறார். தம்பி கோபப்படவில்லை. சாப்பாட்டு மேஜை மேல் கையை வைத்து, கட்டைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். ஆள்காட்டி விரலடியில் மேலே இரண்டு, கீழே இரண்டு. நாலு குழி.

“சாம்பலுக்கு மேல் கோரைப்பல்லு ஒண்ணு கிடையாது. குட்டியில கல்லக் கடிச்சு உடைஞ்சது, நீதான் கூட இருந்தே. எனக்குப் பல் தெரியும்க்கா.”

கட்டைத் தானே மறுபடி சுற்றிக்கொண்டு போனவர்தான். அந்த விரல் நிமிர்ந்தது நிமிர்ந்தபடியே நின்றுவிட்டது. இப்போது அதே பட்டறையில், மற்றவர்கள் செய்த பல் செட்டுகளைப் பஞ்சில் வைத்துப் பெட்டியில் அடுக்குகிறார்.

கடைசிச் சீட்டை ஒட்டிவிட்டு அக்கா நிமிர்ந்தார். கரிக்கு மண்ணீரலில் கட்டி, இன்னும் ஏழெட்டு வாரம் என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டார். போவதற்குள் அதுவும் சாம்பலும் ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். சாம்பலின் முகத்திலிருந்து கூடு இறங்க வேண்டும். ஆனால் கரி இன்னொரு நாயிடம் ஒழுங்காக நிற்கும் என்று தெரியாமல், எந்த முகத்தோடு தம்பியைக் கூப்பிடுவது?

“இத்தனை பேர்ல ஏன் நான்?” என்று கேட்டேன்.

“பயந்த ஆளு கூட நின்னு பழகின நாய் வேணும்,” என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுக்க முடியவில்லை.

வியாழக்கிழமை லேசான வெயில். அவர் காரின் பின்கதவைத் திறந்து கரியைத் தூக்கி இறக்கினார். ஊரே பேசிக்கொண்டிருந்த அந்த விரல் தின்னி, மோவாய் நரைத்து, இடுப்பெலும்பு தெரிய, இறக்கிய இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தும்மியது.

நாலு கார் இடைவெளியில் நின்று, சந்திக்கலாமா என்று முறைப்படி கேட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். நான் வளைந்து நடந்தேன். அவரும் வளைந்து வந்தார். ஆனால் ஆறேழு அடியில் கரி விறைத்தது. கழுத்தைத் தூக்கியது, வால் கம்பியாயிற்று, தொண்டைக்குள் ஓர் உறுமல். பொட்டலம் அங்கேயே நின்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது. உனக்குப் பிடிக்கவில்லையென்றால் எனக்கும் அவசரமில்லை என்பது அதன் பொருள். நான் அதை இரண்டு எட்டுப் பின்னுக்கு அழைத்துக்கொண்டேன்.

“பார்த்தீங்களா? இவன் இப்படித்தான். நான் சும்மா ஆசைப்பட்டுட்டேன்,” என்று அக்கா கார்ப்பக்கம் திரும்பினார்.

பெரியவர்களைத் திருத்துகிற வழக்கம் எனக்கில்லை. இந்த ஊரில் யாரையுமே திருத்துகிற துணிச்சல் எனக்கில்லை. ஆனால் அது என் கண்ணில் பட்டுவிட்டது.

“அக்கா, கயிறு.”

அவர் தன் கையை யாருடையதோ மாதிரி பார்த்தார். உள்ளங்கையில் இரண்டு சுற்று. விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது. அந்தக் கையால்தான் எத்தனையோ பேரின் முஷ்டியைத் தளர்த்தியிருக்கிறார்.

கார்ப்பக்கத்திலிருந்து திரும்பி நின்றார். பிறகு ஒரு சுற்றை அவிழ்த்தார். மற்றதையும் அவிழ்த்தார். கயிறு தொய்ந்து கொடியாயிற்று. கரி அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தது.

மறுபடி வளைந்து நடந்தோம். கரி மெதுவாக, ஒரு கிழவருக்குரிய நிதானத்தோடு, பக்கவாட்டில் வந்தது. பொட்டலம் நின்று கொடுத்தது. மூக்கு, காது, விலா, வால். அக்காவின் உதடு அசைந்தது, எண்ணிக்கை வரவில்லை. நான்தான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். கடைசியில் அவர் குரல் வந்தது.

“போதும் கரி, வா.”

கரி வந்தது. போகிற போக்கில் உடம்பைத் தலையிலிருந்து வால்வரை ஒரு தடவை உதறிக்கொண்டது. நல்லபடியாக முடிந்ததற்கு அடையாளம் என்று அவரே எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்.

அவர் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. கரியின் நரைத்த மோவாயைப் பிடித்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

“ஆறு வருஷம் இவனை உள்ள போட்டு வெச்சேன். இவன்மேல இவ்வளவுதான் தப்பு.”

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நகர அலுவலகத்துக்கு அவர் எழுதியிருந்த கடிதத்தைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். இரண்டே பத்தி. கடித்தது என் நாய், தவறான தகவல் தந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டது நான். கீழே பெயருக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி வேலையையும் மறைக்காமல் எழுதியிருந்தார். அந்த வேலை என்னவாகும் என்று நான் கேட்கவில்லை.

“இப்ப வந்து உண்மை சொல்றேன்,” என்றார். “கரிய யாரும் தூக்கிட்டுப் போக முடியாதுன்னு ஆனதுக்கப்புறம். தம்பி அதைக் கேப்பான். கேட்டா எங்கிட்ட பதில் கிடையாது.”

கடிதத்தை நாளைக் காலையில் கொடுப்பதாக இருந்தார். அதற்கு முன்னால் தம்பிக்குத் தெரிய வேண்டும், அலுவலகத்துக் காகிதத்தில் பார்த்து அவன் தெரிந்துகொள்ளக் கூடாது என்றார்.

செல்போனை எடுத்தார். திரையில் ‘தம்பி’ என்று இருந்தது. அழுத்தவில்லை.

“நடுவுல கூப்பிடாம இல்ல. நாலஞ்சு தடவை கூப்பிட்டிருக்கேன். மூணு தடவை மணி அடிச்சதும் வெச்சிடுவேன். எடுக்கிறதுக்குள்ள.”

தம்பி திருப்பிக் கூப்பிட்டதில்லையா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். தான் கூப்பிட்டதை அவன் பார்த்திருப்பான், அது தெரியும் என்றார்.

ஒலிபெருக்கியைப் போட்டு, அழைப்பை அழுத்தி, போனை எங்கள் இருவருக்கும் நடுவில் நடைபாதைக் கல்லின்மேல் வைத்தார். இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி விரித்து வைத்துக்கொண்டார். பட்டறையில் இன்னும் வேலை நேரம். பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கும் கையால் போனை எடுக்க ஒருவேளை நேரமாகலாம்.

முதல் மணி அடித்தது. பொட்டலம் போனை மோந்து பார்த்துவிட்டு விலகியது.

இரண்டாவது மணி.

மூன்றாவது மணி அடித்தபோது அவர் வலக்கை மடியிலிருந்து எழும்பியது. அந்தக் கை போனுக்குப் போகவில்லை. பக்கத்தில் படுத்திருந்த கரியின் முதுகில் போய் அமர்ந்தது.

நாலாவது மணி அடித்தது. கரி காதை நிமிர்த்திக் கேட்டது. ஐந்தாவதும் அடித்தது.